ஒட்டாத துண்டுகள்

அனுமந்தன்பட்டியிலிருந்து வடக்கே நடந்துகொண்டிருந்தேன். சட்டையெல்லாம் தெர்மாகோல் தூள். தட்டினால் கையில் ஒட்டிக்கொண்டது. உத்தமபாளையத்தில் டீக்கடைக்காரர் தூளைப் பார்த்துவிட்டு, எந்த ஊரில் கல்யாண மேடை என்று கேட்டார்.

கல்யாணமில்லை, மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குள் இருக்கிறது, உயிர்ச்சக்தியை அதுதான் தயாரிக்கிறதாம். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு அதற்கு மேல் தெரியாது. எனக்கு வேலை கொடுத்தவர் தாவரவியல் விரிவுரையாளர். ஏலக்காய்ச் செடி இலையின் செல்லை வெளியூர் ஆய்வுக்கூடத்தில் வரிசையாகச் சீவி, சீவலுக்கு ஒன்றாக எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நாற்பது படம் எடுத்து வந்திருந்தார். அவற்றைப் பார்த்து ஒரு மைட்டோகாண்ட்ரியாவைத் தெர்மாகோலில் பெரிதாகச் செய்து தரச் சொன்னார். நான் மணமேடைக்குத் தெர்மாகோல் வெட்டியவன். படத்துக்கு ஒரு தகடு வெட்டி, வரிசை மாறாமல் அடுக்கி, இரண்டு பாதியாக ஒட்டிவிட்டேன். திறந்தால் உள்மடிப்புகள் தெரிய வேண்டும். மறுநாள் அவருடைய ஆய்வு வழிகாட்டி மதுரையிலிருந்து பார்க்க வருகிறார். அவர் சரியென்றால்தான் முனைவர் பட்டம்.

மத்தியானம் விரிவுரையாளர் திறந்து பார்த்தார். சுவரோரம் ஒன்றிரண்டு துண்டு தவிர, குடைந்தெடுத்த பூசணிக்காய் மாதிரி காலியாக இருந்தது.

"உள்ள இருந்ததெல்லாம் எங்கய்யா?"

"எதோடயும் ஒட்டாம தனித்தனியாக் கிடந்துச்சு சார். கழிவுன்னு கூட்டித் தள்ளிட்டேன்."

மேடை வேலையில் அதுதான் முறை. எழுத்து வெட்டும்போது நடுவில் உதிர்வது குப்பை. அவர் தரையில் உட்கார்ந்து படங்களைப் பரப்பினார். ஒரு சீவலில் தனியாகத் தெரிகிற மடிப்பு, நாலு சீவல் தள்ளி ஒல்லியான கழுத்தால் சுவரோடு சேர்ந்திருந்தது. அந்தக் கழுத்தைக் காட்டத்தான் இத்தனை பாடும்.

எனக்குத் தெரிந்த பரிகாரத்தைச் சொன்னேன்: இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டி வண்ணம் அடித்துவிடலாம், உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்.

"உள்ள பாக்கத்தான்யா மூணு வருசமா நாயா அலைஞ்சேன்."

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மதுரைக்குப் பேசிவிட்டு வந்தார். "நாளைக்கு வந்தே தீருவேங்குறாக" என்றார். எல்லாவற்றையும் மறுபடி வெட்டித் தருகிறேன் என்றேன். தானும் மனைவியும் வெட்டிக்கொள்வதாகவும், நான் கத்தியைத் தொடாமல் இருப்பதே பெரிய உதவி என்றும் சொன்னார். சோறு போட்டுத்தான் அனுப்பினார்.

இருட்டுவதற்குள் ஓடைப்பட்டி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கொத்தில் நெருக்கமாக இருக்கிற பிஞ்சுகளைக் கத்தரித்துக் கீழே தள்ள வேண்டும். பழக்கம் உண்டா என்று தோட்டக்காரர் கேட்டார்.

"கழிச்சுத் தள்ளுறதுல பழக்கம் உண்டுண்ணே."

கத்தரியை வைக்குமுன் ஒவ்வொரு பிஞ்சும் எங்கே ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். பத்து மணிக்குள் இரண்டு தடவை, கை மெதுவாகப் போகிறது என்று திட்டு வாங்கினேன்.