மூன்றாம் கூண்டுக்கு ஒரு சொல்

நாய்கள் காப்பகத்தில் அந்த அம்மாவை எல்லோரும் அகராதி என்றே கூப்பிட்டார்கள். மேசையில் எப்போதும் தடித்த ஆங்கில அகராதி ஒன்று கிடந்ததால் வந்த பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார். சொன்ன பேச்சைக் கேட்காததால் வந்த பெயர் என்று மேனேஜர் சொல்வார். இரண்டும் உண்மை.

ஒவ்வொரு கூண்டின் கதவிலும் தொங்கும் அட்டையை எழுதுவதுதான் அவருடைய வேலை. பல மொழிக்காரர்கள் வந்து நாய் எடுத்துப்போகிற இடம் என்பதால் அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். வயது, தடுப்பூசி விவரத்தையெல்லாம் டாக்டர் எழுதிவிடுவார். கடைசி வரி மட்டும் அகராதியுடையது. இந்த நாய் எப்படிப்பட்டது என்று ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காகக் கூண்டுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு அரை நாள் உட்கார்ந்திருப்பார். வயதான நாய் ஒன்றுக்கு மேனேஜர் அவசரத்தில் 'லேசி' என்று எழுதிவைத்திருந்தார். அதை அடித்துவிட்டு 'ரிலாக்ஸ்டு' என்று மாற்றியவர் அகராதி. "செய்ய வேண்டியதைச் செய்யாதவன்தான் சார் சோம்பேறி. இதுக்குச் செய்ய வேண்டியது என்ன இருக்கு?" என்று கேட்டார். மேனேஜர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லைதான். மறுநாளே அந்த நாய்க்கு வீடு கிடைத்தது.

வீட்டிலும் இதே கதைதான். கூட இருந்த தம்பி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய்ப் பாட்டுக் கேட்கிற ஆள். 'கேர்ஃப்ரீ' என்றால் கவலை இல்லாதவன், 'கேர்லெஸ்' என்றால் கவனம் இல்லாதவன், நீ எது என்று உனக்கே தெரியும் என்று, பொங்கி வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே அக்கா பாடம் நடத்துவார். "ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது இருந்தா பாத்து, அதுல என்னைச் சேத்துடுக்கா" என்பார் தம்பி, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல்.

அப்பேர்ப்பட்ட அகராதிக்கே மூன்றாம் கூண்டில் சறுக்கிவிட்டது.

அதில் இருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய நாய். அகராதி விடுப்பில் இருந்தபோது வந்தது. மேனேஜர் கைக்கு வந்தபடி 'ஃப்ரெண்ட்லி' என்று எழுதித் தொங்கவிட்டார். மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம் ஆசையாக அழைத்துப்போனது. நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்தது, நாலு நாள் வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் காப்பகத்துக்குத் திரும்பியது. அகராதி வந்து பார்த்துவிட்டு 'ஷை' என்று மாற்றினார். இதில்தான் தவறு. 'ஷை' என்றால் பழக ஆசை உண்டு, தயக்கம் தடுக்கிறது என்று பொருள். கொஞ்சிக் கொஞ்சியே சரிசெய்துவிடலாம் என்று நம்பி ஒரு டீச்சர் எடுத்துப்போனார். தினம் மடியில் இழுத்துப் போட்டுக் கொஞ்சினார், தோழிகளை வரவழைத்துக் காட்டினார். பத்தாம் நாள் நாய் அவர் விரலை லேசாகக் கவ்வியது. அன்றே காப்பகத்துக்குத் திரும்பி வந்தது.

காப்பகத்தில் ஒரு விதி இருந்தது. மூன்று முறை திரும்பி வந்த நாயைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றிவிடுவார்கள். வருகிறவர்கள் யாரும் அங்கே எட்டிப்பார்க்க மாட்டார்கள். ஆயுள் முழுக்க அங்கேதான். அடுத்த அட்டை தப்பினால் சாம்பல் நிறத்தானுக்கு வீடு என்பதே கிடையாது.

இந்த முறை அகராதி ஒரு வாரம் உட்கார்ந்தார். ஆள் வந்தால் நாய் நடுங்கவில்லை, வாலைக் கால்களுக்கிடையே செருகவில்லை. ஆகவே 'டிமிட்' இல்லை. ஆள் போனபின் வாசலைப் பார்த்து ஏங்கவும் இல்லை. ஆகவே 'லோன்லி'யும் இல்லை. யார் வந்தாலும் மரியாதையாக எழுந்து மறுமூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். தனியாக இருந்தது, அதில் அதற்கு ஒரு குறையும் இல்லை. அட்டையில் 'சாலிட்டரி' என்று எழுதினார்.

மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். "'கொயட்'னு போடுங்கம்மா. நாலு பேர் எடுப்பாங்க."

"அது வாயைப் பத்தி மட்டும்தான் சார் சொல்லும். நாலு பேர் எடுப்பாங்க, நாலு பேரும் கொண்டாந்து விடுவாங்க."

மூன்று வாரம் ஓடியது. அட்டையைப் படித்தவர்கள் அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார்கள். நாயின் அழகைப் பார்த்து மயங்கிய ஒரு தம்பதியை அகராதியே பேசித் திருப்பி அனுப்பினார். அன்று முழுக்க மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சொல் சரிதான், ஆனால் சரியான சொல்லாலேயே இது இங்கே கிடந்து கிழடாகிவிடுமோ என்று அகராதிக்கும் உள்ளூரப் பயம்தான்.

நாலாவது வாரம், பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழில் செய்கிற ஒருவர் வந்தார். அட்டையைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"லோன்லின்னு போடலையே. தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் சார்."

மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது என்றார் அவர். பாவம் தனியாக இருக்கிறார் என்று சொந்தக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து போகிறார்களாம். "எனக்கு வேண்டியது அவ ஒருத்திதான். அவ இல்லாத இடத்துல ஆளுங்களை நிரப்பினா சரியாயிடும்னு நெனைக்கிறாங்க." பிறகு முக்காலியைக் கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்தார். நாயைக் கூப்பிடவில்லை, சீட்டியும் அடிக்கவில்லை. பையிலிருந்து செய்தித்தாளை எடுத்துப் படித்தார். விளையாட்டுப் பக்கம் வரும்போது நாய் மறுமூலையிலிருந்து எழுந்து வந்து, இரண்டு முழம் தள்ளிப் படுத்தது.

கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போனார்.

அன்றிலிருந்து மேனேஜர் நாளை எண்ணினார். அகராதி எண்ணாததுபோல எண்ணினார். ஐந்தாம் நாள் தாண்டியது, பத்தாம் நாளும் தாண்டியது. பதினோராம் நாள் காலை தொலைபேசி அடித்தது. சுருதிக்காரர்தான். அகராதி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, ம், ம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

"என்னவாம்? கொண்டுவராராமா?" என்றார் மேனேஜர்.

"அவர் ஒரு அறையில, அது ஒரு அறையில. ரெண்டும் பேசிக்கிறதே இல்லையாம்."

"போச்சு. கொட்டகையைச் சுத்தம் பண்ணச் சொல்லட்டுமா?"

"எதுக்கு சார்? ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, அகராதி பதிவேட்டில் மூன்றாம் கூண்டு நாயின் வரியை அடித்தார்.