கவிச்சி இல்லாத பதினாறு நாள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்காளம்மாள் எழுதுகிற சீட்டைப் பார்த்துத்தான் அந்தக் குடும்பம் வாரம் முழுக்கச் சாப்பிடும். சீட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம். திங்கள் தொடங்கி வரிசையாகக் கிழமைகளை எழுதி, எதிரே காலைக்கு என்ன, மதியத்துக்கு என்ன, ராத்திரிக்கு என்ன என்று போடுவாள். மொத்தம் ஆயிரம் ரூபாய். அரிசி, பருப்பு, பாமாயில் ரேஷனில் வந்துவிடும். ஆயிரம் என்பது மற்றதற்கெல்லாம் சேர்த்து. அதற்கு மேல் ஒரு ரூபாய் போகாது. வீட்டுக்காரன் சகாதேவனுக்கு நாயர் கடை வடை மேல் ஆசை வந்தால், வடை சீட்டில் இருக்கிறதா என்று கேட்பாள்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்."

"நமக்கு ஏரியே கீதுமே, அளக்காமலே போடலாம்" என்பான் அவன். அவள் சிரிப்பாள். பத்து ரூபாய் மட்டும் வெளியே வராது.

இந்தக் கறாரில் அவளுக்குப் பெருமை உண்டு. இருக்கட்டுமே, என்ன தப்பு? பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் எந்த மளிகைக் கடையிலும் பெயர் நிற்காத வீடு அது ஒன்றுதான். ஏரி கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை என்று வாழ்கிற ஊரில் அப்படி இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அங்கே மீன் பிடிக்கவும் முறை உண்டு. இறால் ஓடுகிற நல்ல இடங்களில் யார் வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னார் என்று முறை வைப்பார்கள். பாடு என்று அதற்குப் பெயர். சகாதேவனுக்கு ஆறு நாளுக்கு ஒரு தடவை பாடு வரும். அன்றைக்குக் கிடைக்கிற இறாலும் நண்டும் வியாபாரிக்குப் போகும். கூடவே விழுகிற பொடி மீன் வீட்டுக்கு வரும். மற்ற நாளெல்லாம் ஏதோ கைச்செலவுக்குக் கிடைக்கும். அங்காளம்மாள் பாடு வருகிற நாளைப் பார்த்துத்தான் வாரத்தைப் பிரிப்பாள்.

அவர்களுக்கு ஒரே பெண், வித்யா. பத்தொன்பது வயது. பொன்னேரியில் படித்து முடித்தவள். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் வாசலுக்கே வரும், மாதம் பதினாலாயிரம். ஆனால் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி எட்டுதான் இருந்தது. பத்து இல்லாமல் மெஷினில் நிற்க விடமாட்டோம், நாலு வாரம் கழித்து சனிக்கிழமை வா, அப்போதும் இல்லையென்றால் அடுத்த ஆளை எடுத்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் கொடுத்த இரும்பு மாத்திரை வித்யாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விழுங்கிய அரை மணியில் வாந்தி. "அப்போ சாப்பாட்லதான் ஏத்தணும்" என்றார் நர்ஸ்.

சாப்பாடுதானே, அது என் கையில் இருக்கிறது என்று அங்காளம்மாள் நினைத்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த தைரியத்தை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

மறுநாளே புதுச் சீட்டு எழுதினாள். அதே ஆயிரம்தான். சகாதேவனுக்கு மதியம் இரண்டு வகை என்பது ஒன்றாயிற்று. தனக்குக் காலைச் சாப்பாட்டையே அடித்துவிட்டாள். மிச்சப்பட்டதில் வித்யாவுக்கு தினம் ஒரு முட்டை, வாரம் இரண்டு நாள் கோழி ஈரல், காட்டூரிலிருந்து டிவிஎஸ்ஸில் வருகிறவரிடம் முருங்கைக்கீரை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல். ரத்தம் ஊற அதைப்போல ஒன்று கிடையாது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், கேட்கிறவர்களோ ஏழெட்டுப் பேர். கறிக்கடை அப்துல் ஹை பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொண்ணுக்கா? வாராவாரம் எடுத்து வெக்கிறேம்மா, வேற யாருக்கும் குடுக்கமாட்டேன்" என்றார். விலையிலும் இருபது ரூபாய் குறைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் சீட்டுப்படியே நடந்தது. சுவரொட்டியை மிளகு போட்டு வதக்கி, வித்யா கடைசித் துண்டை விழுங்குகிற வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். நர்ஸ் மறுபடியும் விரலைக் குத்திப் பார்த்தார். ஒன்பது! வித்யா ஏரிக்கரை ரோடு முழுக்க அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"மொத சம்பளத்துல உன் சீட்டைக் கிழிச்சிப் போட்டுடுவேன், பாத்துக்கினே இரு."

"கிழிடி. அதுக்குத்தானே எழுதறேன்."

மூன்றாவது ஞாயிறு. சுவரொட்டி சட்டியில் வதங்கிக்கொண்டிருந்தபோது மேலத்தெருவிலிருந்து ஓலம் கேட்டது. சகாதேவன் வேகமாக வந்து வாசலில் நின்றான்.

"அடுப்ப அணைமே. தனசேகர் அண்ணன் போயிட்டாரு. படவுலேர்ந்து எறங்கும்போது நெஞ்சப் புடிச்சிக்கினு உழுந்தாராம்."

தனசேகர் சகாதேவனின் பெரியப்பா மகன். வலைக்கம்பு இரண்டு காணாமல் போனதில் தொடங்கிய சண்டை, நாலு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற உறவு. ஆனாலும் பங்காளி. பங்காளி செத்தால் பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரை வீட்டில் கவிச்சி கூடாது. மீன் கிடையாது, கறி கிடையாது, முட்டை கிடையாது. அங்காளம்மாள் விரலை விட்டு எண்ணினாள். வித்யாவுக்கு ரத்தம் பார்க்கிற சனிக்கிழமை பதினாலாம் நாள் வந்தது.

இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்று ஒரு நினைப்பு அவளுக்கு வந்தது. செத்துக் கிடக்கிற மனிதனைப் பற்றி இப்படியா என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டாலும் நினைப்பு போகவில்லை. இன்னும் பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா இந்த ஆள்?

சகாதேவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குப் போய்விட்டான். வித்யா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். சட்டியைப் பார்த்தாள்.

"அம்மா, வெந்துடுச்சுல்ல? உள்ள ஒக்காந்து துன்னுட்டு வந்துர்றேனே. யாருக்குத் தெரியப் போவுது?"

"தீட்டுடி. பொணம் கெடக்குது."

"ரெண்டு நிமிசம்மா."

"உங்க நைனா தெனம் தண்ணி மேல போறாரு. தீட்ட மீறி அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைக் கேக்கறது?"

அங்காளம்மாள் சட்டியை எடுத்துப்போய் வீட்டுக்குப் பின்னால் கொட்டினாள். தெருநாய் வந்து இரண்டே வாயில் விழுங்கிவிட்டுப் போயிற்று.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. மீன்காரன் வீட்டில் மீன் என்பது காசு கொடுக்காத சாமான், காய்கறிதான் ஆடம்பரம். அது அவளுக்கு அதுவரை உறைக்கவே இல்லை. ஏழு நாளும் காய் வாங்கிச் சமைக்க வேண்டும் என்று எழுதிப் பார்த்தால், ஆயிரம் ரூபாய் வியாழக்கிழமை மதியத்தோடு நின்றுவிட்டது. வருமானமும் போயிற்று. பங்காளிகள் மூன்று நாள் ஏரியில் இறங்கக்கூடாது. அந்த மூன்று நாளில் ஒன்று சகாதேவனுக்குப் பாடு வருகிற நாள். தவறின பாடு தவறினதுதான், அடுத்த முறை வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

சகாதேவனே சொன்னான், "இந்த ரெண்டு வாரம் மட்டும் ஆயிரத்தி ஐந்நூறா போட்டுக்கமே. கடையில சொல்லி வெக்கிறேன். பேரீச்சம்பழம், மாதுளைன்னு எதையாவது வாங்கிக் குடு பொண்ணுக்கு."

"பாடும் போச்சு. எதை வெச்சி அடைப்ப? ஒரு தபா கடையில பேரு ஏறிச்சின்னா எறங்காது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் சொல்வதில் எப்போதும் நியாயம் இருக்கும், அதுதான் கஷ்டம். பேரீச்சம்பழம் கால் கிலோ சேர்த்து, அதற்காகத் தக்காளியைப் பாதியாக்கினாள். பீட்ரூட் ஒரு நாள், கீரை மூன்று நாள், கேழ்வரகுக் கூழ் மற்ற நாள். ஆயிரத்துக்குள் அடக்கிவிட்டாள். எப்படியோ அடக்கிவிட்டாள்! கொடுத்ததை வித்யா தின்றாள். ஐந்தாம் நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்காளம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முட்டை வாங்க மளிகைக் கடை வரைக்கும் போனாள். கடை வாசலில் நின்று, சாவு வீட்டுக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, உப்பு ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு கறிக்கடைப் பக்கமாகப் போகும்போது பாய் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, பாக்காத மாறி போற? எடுத்து வெச்சிருக்கேன்."

"பங்காளி சாவு பாய். காரியம் முடியணும்."

"பொண்ணுக்குத்தானே? மருந்துன்னு நெனச்சிக் குடும்மா. நாங்க நோன்புலயே ஒடம்பு முடியாதவங்களுக்கு வேணாம்னு உட்டுடுவோம். காசுகூட வேணாம், எடுத்துக்கினு போ."

"உங்க ஊட்டு வழக்கம் வேற, எங்க ஊட்டு வழக்கம் வேற பாய்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். தெருமுனை வரைக்கும் திரும்பிப் போகலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. போகவில்லை.

சனிக்கிழமை அம்மாவும் பெண்ணும் பஸ் ஏறினார்கள். கம்பெனிக் கேட்டுக்கு உள்ளே ஒரு சின்ன அறை. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் வித்யாவின் விரலைக் குத்தினாள். மெஷின் எண்ணைக் காட்டியது. ஒன்பது புள்ளி மூன்று.

"மேடம், போன தபா ஏழுதான் இருந்துச்சு. ஏறிக்கினுதான் கீது. இன்னும் ஒரே ஒரு வாரம் குடுங்க மேடம்" என்றாள் அங்காளம்மாள்.

"என் கையில இல்லம்மா. இன்னிக்கு லிஸ்ட் குடுத்தாகணும்" என்றாள் அந்தப் பெண். அவளுக்கும் வருத்தம்தான் போலிருந்தது. அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

வித்யா அழவில்லை. சர்டிஃபிகேட் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர் வருகிற வரைக்கும் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் அங்காளம்மாளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இறங்கும்போது, "உடும்மா, நீ இன்னா பண்ணுவ" என்றாள். அந்த ஒரு வார்த்தை அங்காளம்மாளைத் தின்றுவிட்டது.

திங்கட்கிழமை காரியம். காலையில் கரையில் சடங்கெல்லாம் முடிந்து, பங்காளிகள் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகினார்கள். மதியம் கொட்டகையில் கறிச்சோறு. அதோடு தீட்டுக் கழிந்தது. வித்யா பெண்கள் பந்தியில் உட்கார்ந்தாள். அங்காளம்மாளுக்கு இலையில் உட்கார மனசில்லை. உள்ளே போனாள். தனசேகரின் பெஞ்சாதி தேசம்மாள் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாலு வருடம் பேசாத வாய், சாவுக்கு அழுததோடு சரி. இன்றைக்கு தேசம்மாளே முதலில் பேசினாள்.

"வித்யாவுக்கு வேலைன்னாங்களே, இன்னாச்சு?"

அங்காளம்மாள் சொன்னாள். ஏழு புள்ளி எட்டிலிருந்து ஒன்பது புள்ளி மூன்று வரைக்கும், நாய் தின்ற சுவரொட்டி முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல தேசம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி. பதினஞ்சு நாளும் ஒண்ணும் குடுக்கலியா?"

"எப்படிக்கா குடுக்கறது? உன் ஊட்ல எழவு உழுந்துகீது."

"எனக்கே ஏழாம் நாள் மயக்கம் வந்துடுச்சுடி. எழுந்து நிக்க முடியல. கதவச் சாத்திக்கினு ரெண்டு முட்டைய ஒடச்சிக் குடிச்சேன். அப்புறம் தெனம் குடிச்சேன். அவரு படத்துக்கு எதிர்லயேதான். அந்த மனுசன் இருந்தா குடிடின்னுதானே சொல்லியிருப்பாரு?" தேசம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "கீழ ஊட்டுக்காரியும் பங்காளிதானே, அவ கொழந்தைக்குக் கருவாடு சுட்டுக் குடுத்தா. வாசனை எனக்கே வந்துச்சு. யாரு கேட்டா? நீ ஒரு வார்த்தை என்னண்ட கேட்டிருக்கக்கூடாதா?"

வெளியே யாரோ அங்காளம்மாள் பெயரைச் சொல்லி, இலை காயுது வா என்று கூப்பிட்டார்கள். அங்காளம்மாள் எழுந்து போய் வித்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலையில் கறி விழுந்தது. வித்யா குனிந்த தலை நிமிராமல், பசியோடு, வேகவேகமாகத் தின்றுகொண்டிருந்தாள். அங்காளம்மாள் தன் இலையிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மகள் இலையில் வைத்தாள். பதினாறு நாளில் அந்தப் பங்காளி வீடுகளிலேயே வழக்கம் தவறாமல் இருந்தது அவள் ஒருத்திதான்.