வக்கீலம்மா கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம்

வெள்ளிக்கிழமை காலை கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஜுபைதா போன் செய்தார். எங்கள் ஊர் பஸ் நிலையத்தில், கும்பகோணம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே வெற்றிலை விற்பவர். "சார், வக்கீலம்மா போயிட்டாங்க சார்" என்று அழுதார். எந்த வக்கீலம்மா என்று நானும் கேட்கவில்லை. பெண் வழக்கறிஞர்கள் இங்கே பலர் உண்டு. வக்கீலம்மா என்றால் மங்கையர்க்கரசி ஒருவர்தான்.

இருபது வருடம் அவரோடு சண்டை போட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். புதிய சட்டம் எது வந்தாலும் நான் மகிழ்வேன், அவர் முகம் சுளிப்பார். எந்தச் சட்டத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "உரிமை தர்றேன்னு முன்பக்கத்துல இருக்கும். யாருக்குக் கிடையாதுங்கறது பின்னாடி இருக்கும், பாருங்க" என்பார். வழக்கறிஞர் சங்க அறையில் நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்து மேசைக்காரர்கள் காபியோடு எழுந்து போயிருக்கிறார்கள்.

நடைபாதை வியாபாரிகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தபோது அந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது. கணக்கெடுப்பில் பெயர் கொடுத்தால் அட்டை. அட்டை இருந்தால் இஷ்டத்துக்கு விரட்ட முடியாது. நான் மகிழ்ச்சியில் குதித்தேன். அவரோ பஸ் நிலையத்துக்கே போய், "பேர் கொடுக்காதீங்க. இன்னிக்கு எழுதிக்குவாங்க, நாளைக்கு அதே லிஸ்ட்டை வச்சு ஒவ்வொருத்தரா தூக்குவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் வார்த்தைக்கு அங்கே அத்தனை மதிப்பு. ஜுபைதாவோடு சேர்த்துப் பதினோரு பேர் பெயர் கொடுக்கவில்லை.

நடந்தது நேர்மாறு. அட்டை வாங்கியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். இந்தப் பதினோரு பேருக்கு மட்டும் இடத்தைக் காலி செய்யச் சொல்லி நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஜுபைதா கணவரை இழந்தவர். அந்த நாலடி இடம் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"நான் அப்பவே சொன்னேனே" என்று கேட்கத்தான் போனேன், மறைப்பானேன். அவர் மேசையில் ஒரு பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. 'கணக்கெடுப்பு நடந்த நாளில் இவர்கள் அதே இடத்தில்தான் வியாபாரம் செய்தார்கள். பெயர் கொடுக்காததற்கு என்னுடைய தவறான ஆலோசனையே காரணம்.' கீழே அவர் கையெழுத்து. கட்சிக்காரர் மேல், குமாஸ்தா மேல், தபால்காரர் மேல் பழியைப் போட்டே பழகிய தொழில் எங்களுடையது.

"அம்மா, இதைத் தாக்கல் பண்ணினா நீங்க சாட்சி. கேஸை நீங்க நடத்த முடியாதுங்க."

"தெரியும். நீங்க நடத்துங்க."

"நானா?"

"அந்தச் சட்டத்தைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுனீங்கல்ல? அது ஜுபைதாவைக் காப்பாத்துதான்னு பார்த்துடுவோம்."

"எதிர்த்தரப்புல உங்களைக் கிழிச்சுடுவாங்க."

"கிழிக்கட்டும். லிஸ்ட்டுல பேர் இல்லாதவங்களுக்கு இடமே இல்லைங்கறது தப்பு. பேர் கொடுக்க விடாம பண்ணுன நானும் தப்பு. ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்க."

கிழிக்கத்தான் செய்தார்கள். நகராட்சி தரப்பு வழக்கறிஞர் 'என்னுடைய தவறான ஆலோசனையே காரணம்' என்ற வரியை இரண்டு முறை உரக்கப் படித்தார், சிரிப்பு எழுந்தது. வக்கீலம்மா கவுன் போடாமல் கடைசி பெஞ்சில் ஜுபைதாவின் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லோரையும் கணக்கெடுத்து அட்டை கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அதை வைத்து நான் வாதாடினேன். பதினோரு பேரையும் சேர்த்துக் கணக்கெடுக்க உத்தரவானது. ஜுபைதாவின் இடம் தப்பியது.

வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க சட்டம் ஜெயிச்சுடுச்சு சார், சந்தோஷம். ஆனா நாளைக்குப் பன்னிரண்டாவதா ஒருத்தி கூடையைத் தூக்கிக்கிட்டு வருவாளே, அவளுக்கு அதுல இடம் இருக்கா?"

அந்தப் பத்திரத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. வக்கீலம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அவரைவிட அதிக வழக்குகளில் நான் ஜெயித்திருக்கிறேன். என் ஆலோசனையைக் கேட்டுக் கெட்டவர்களும் இந்த ஊரில் உண்டு. அவர்களில் ஒருவருக்காகக்கூட, என் தவறே காரணம் என்று நான் இன்னும் எழுதிக் கொடுத்ததில்லை.