நாலு விரல் மணல்

சிவப்பு எனாமல் பெயிண்டின் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வந்து, செம்பூரில் எங்கள் ஏழாவது மாடிக் கதவின் இடுக்கில் நுழைந்தது. திறந்து பார்த்தேன். தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் என்று சொல்லப்படுகிற ஸ்பிரிங்க்ளர் குழாய்க்கு ஒருவர் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷனாம். இதில் தண்ணீர் வருமா என்று சொசைட்டி செக்ரட்டரியிடம் கேட்டேன். "மோட்டார் ரிப்பேர் மேடம். முதல்ல பெயிண்ட் முடியட்டுமே" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும்.

எண்பதுகளில் தாராவியில் பெரியப்பாவுக்கு ஒரு பை பட்டறை இருந்தது. கீழே தையல் மிஷின்கள், அதில் ஆண்கள். மேலே, மாளா என்று எல்லோரும் சொன்ன மரப் பரணில், ஐந்து பெண்கள் குனிந்து உட்கார்ந்து தோலுக்கு உள்துணி ஒட்டுவார்கள். நிமிர்ந்தால் தகரக் கூரை தலையைச் சுடும். ஏறவும் இறங்கவும் ஒரே இரும்பு ஏணி. சொல்யூஷன் என்கிற பசையின் நெடியில் எனக்குத் தலை சுற்றும். சித்திக்குப் பாட்டு வரும். சித்தி என் அம்மாவின் தங்கை, அந்த ஐவரில் ஒருத்தி. மிஷினில் உட்கார வேண்டும் என்பது அவளுடைய ஒரே பிடிவாதம். லைசென்ஸ் புதுப்பித்ததும் புது மிஷின் வரும், அது உனக்குத்தான் என்று பெரியப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

லைசென்சுக்குச் சட்டம் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள், தீயணைக்கும் சிலிண்டர், தப்பித்துப் போக இரண்டாவது வழி. எங்கள் சந்தில் இருபது பட்டறைகள். இருபதும் சேர்ந்து வாங்கியது நான்கு வாளி, ஒரு சிலிண்டர். சோதனைக்கு வரும் லைசென்ஸ் ஆபீசர் ஒரு பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அவை பின்பக்கமாக அடுத்த பட்டறைக்குப் போய்விடும். உற்சவ மூர்த்தி மாதிரி வாசலுக்கு வாசல் காட்சி கொடுக்கும். இதை யாரும் ஏமாற்று என்று நினைக்கவில்லை. அக்கம்பக்கத்து ஒத்தாசை என்றுதான் நினைத்தார்கள்.

வாளிகளில் ஆங்கிலத்தில் 'ஃபயர்' என்று எழுதும் வேலை எனக்கு. பத்து வயது. சந்திலேயே இங்கிலீஷ் மீடியம் படித்தவள் நான்தான். ஆனால் மணல் வாளி கனத்தது. தூக்கி ஓடியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அடியில் தோல் துண்டு போட்டு மேலே மட்டும் மணல் போட்டால் என்ன என்று நான்தான் கேட்டேன்.

பெரியப்பா பட்டறையே கேட்கும்படி கத்தினார்: "பாத்தியளாவே எம்பிள்ள மூளைய! இங்கிலீசு படிச்சா சும்மாவா?"

வெட்டி எறிந்த தோல் துண்டுகள், சொல்யூஷன் துடைத்த கந்தல், மேலே நாலு விரல் மணல். நானே நிரப்பினேன். கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினேன்.

ஆபீசர் வந்தார். ஒரு வாளியின் விளிம்பு நெளிந்திருக்கும். அன்று காலையில் மட்டும் அதை எத்தனை பட்டறைகளில் பார்த்திருப்பாரோ! "இந்த வாளி எனக்குச் சிநேகிதனாகவே ஆகிவிட்டது" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். இரண்டாவது வழி எங்கே என்ற கேள்விக்கு மாளாவின் ஜன்னலைக் காட்டினார்கள். அது கம்பி போட்ட ஜன்னல். ஆபீசர் ஏணியில் கால் வைக்கவில்லை. மேலே ஐந்து பெண்கள், இருமக்கூடாது என்று சொல்லப்பட்டு, இருமாமல் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்து விழுந்தது. போகும்போது என் கன்னத்தைத் தட்டினார்.

எங்களுடையது சந்தின் கடைசிப் பட்டறை. அதனால் வாளிகள் அங்கேயே தங்கின. "ஒண்ண மேல ஏத்துங்க அத்தான். பசைக்கு நடுவுல கெடக்கது நாங்கதான" என்று சித்தி கேட்டாள். மிஷின்காரர் ஒருவர் ஏற்றிவைத்தார். அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், பெரியப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மேலே இருந்தவர்களுக்குத்தான் தெரியாது.

புது மிஷின் வந்து இறங்கிய மூன்றாம் நாள் மதியம், மாளாவின் மூலையில் ஒயரிலிருந்து பொறி தெறித்துப் பசை டப்பா பற்றியது. சித்தி மற்ற நால்வரையும் ஏணியில் இறக்கிவிட்டாள். அவளும் இறங்கியிருக்கலாம். ஆனால் அந்த மூலைக்கு நேர் கீழே அவளுடைய மிஷின் இருந்தது, வாளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாளியை அணைத்துத் தூக்கித் தீயின் மேல் கவிழ்த்தாள். முதலில் மணல் விழுந்தது, தீ அடங்கியது. அப்புறம் என் கந்தல்கள் விழுந்தன.

கீழே இருந்தவர்கள் தண்ணீர் டிரம்மைக் காலி செய்து அணைத்தார்கள். மிஷின் பிழைத்தது. முழங்கை வரை சித்தியின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரியில் பெரியப்பா ஸ்டவ் வெடித்தது என்றார். பெண் எரிந்து வந்தால் ஸ்டவ் என்று ஒரு சொல் போதும், அந்தக் காலத்தில். பட்டறையில் தீ என்றால் லைசென்ஸ் போகும், இருபது பட்டறைக்கும் பூட்டு விழும் என்று வீடே கூடிப் பேசி முடிவெடுத்தது. "யாரு கேட்டாலும் ஸ்டவ்வு. வெளங்குதா?" என்று எனக்கும் பாடம் நடந்தது. அந்த மிஷினில் வேறொருவர் உட்கார்ந்தார். கருகிய வாளியைத் தேய்த்துச் சிவப்படித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் மறுபடியும் எழுதினேன். அழகாகவே எழுதினேன். என் மேல் எனக்கு ஆறாத கோபம் அதற்குத்தான். ஆனால் எழுதச் சொன்ன அத்தனை பேருக்கும் என்னைவிட வயது அதிகம் என்பதையும் நான் மறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சித்தியை ஊருக்கு அனுப்பினார்கள். தாதர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி. பெரியப்பா பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். சித்தியின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவள் வாயில் நான் இட்லியைப் பிட்டு வைத்தேன். மென்று விழுங்கும் வரை காத்திருந்து, "சித்தி, அந்த வாளியில மணலுக்கு அடியில..." என்று ஆரம்பித்தேன். "நாந்தான்..."

அவள் முகத்தைச் சட்டென்று என் பக்கம் திருப்பினாள். பெரியப்பாவைக் காப்பாற்றத்தான் சொல்லிக்கொடுத்த பொய்யை அவளும் சொல்கிறாள் என்று அன்று நினைத்தேன். அவள் யாரைக் காப்பாற்றினாள் என்று விளங்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

"ஸ்டவ்வுதாம்ட்டி வெடிச்சுது. ஒனக்கு ஒண்ணும் தெரியாது. எறங்கு, வண்டி கெளம்பப் போவுது."