ரஸ்க் டாக்டர்

"தொட்டுக்க டீயெல்லாம் கிடையாது. வறட்டு ரஸ்க்தான். நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் மென்னுகிட்டே இருங்க."

இப்படி உத்தரவு போட்டுவிட்டு எதிரில் இருக்கும் முதியவரின் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பவர், நான் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் கண் டாக்டர். அவர் இழுப்பறையில் டார்ச்சுக்குப் பக்கத்தில் ரஸ்க் டப்பா. மேசை மேல் சர்க்கரை போடாத டீ ஆறிக்கொண்டிருக்கும். நர்ஸ்கள் வைத்த பெயர் 'ரஸ்க் டாக்டர்'. அது அவருக்கும் தெரியும். டப்பா தீர்ந்தால் அவர்களைத்தான் கடைக்கு அனுப்புவார். தலை சீவும்போது வலிக்கிறதா என்று வழுக்கைத் தலையரிடமும் கேட்பார். "சீப்பு இல்லேன்னா என்ன, தலகாணி இருக்குல்ல?"

அன்று வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கூட மகள். எதிரே வரும் வண்டி சில சமயம் இரண்டாகத் தெரிகிறதாம், பிறகு தானே ஒன்றாகிவிடுகிறதாம். எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடங்கலில்லாமல் படித்தார். கண்ணுக்குள்ளும் கோளாறு எதுவும் தெரியவில்லை. வேறு டாக்டராக இருந்தால் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

பாதி ரஸ்க்கில் டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பல்செட்டு புதுசுங்க. பல்லு சமாச்சாரம் கண் டாக்டருக்கு எதுக்குன்னு சொல்லல."

"பல்செட்டுன்னா முதல் கடியிலயே வலிக்கும். உங்களுக்கு மென்னு கொஞ்ச நேரம் கழிச்சுதான் வருது."

டாக்டர் அவருடைய நெற்றிப்பொட்டைத் தடவினார். ரத்தக்குழாய் கயிறாகத் தடித்திருந்தது. தலைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் வீங்கி ரத்தம் குறையும் வியாதி; மென்றால் தாடையும், தொட்டால் தலைத்தோலும் வலிக்கும். ஜயன்ட் செல் ஆர்டரைட்டிஸ் என்று பெயர். சொல்லாமல் கொள்ளாமல் பார்வையைப் பறித்துவிடும். இப்படி இரண்டாகக் காட்டி எச்சரிப்பது அபூர்வம். ரத்தம் எடுத்த கையோடு ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டார்.

அடுத்த வாரம் மகள் அப்பாவோடும் ரிப்போர்ட்டோடும் வந்தாள். பொட்டிலிருந்து வெட்டியெடுத்த ரத்தக்குழாய்த் துண்டில் வியாதி இல்லையாம்.

"மாத்திரையால சுகர் ஏறுது மேடம். அப்பா தூங்கறதே இல்ல. நிறுத்திடலாமா?"

நியாயமான கேள்வி. எனக்கும் நிறுத்திவிடலாம் என்றுதான் தோன்றியது.

"வீக்கம் விட்டு விட்டுத்தாம்மா இருக்கும். அந்தத் துண்டுல இல்லேன்னா பக்கத்துல இருக்கலாம். ஏறின சுகரை இறக்கிடலாம். போன கண்ணை எங்க போய்த் தேடறது?"

ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தார்.

டிரைவர் மென்றார். மகள் அப்பாவின் வாயையே பார்த்தாள். அறையில் நறநறவென்ற சத்தம் மட்டும்தான். அவர் கை கன்னத்துக்குப் போகவே இல்லை. மடியில் விழுந்த துகளையும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"வண்டி?"

"இந்த வாரம் பூரா ஒண்ணாத்தான் வருது."

மாத்திரைச் சீட்டில் அதே அளவை மறுபடி எழுதி மகளிடம் கொடுத்தார் டாக்டர். பிறகு இன்னொரு ரஸ்க்கை எடுத்து டிரைவரிடம் நீட்டி, தன் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.