கரடிக் கதையின் கடைசிப் பக்கம்

இடம்பெயர்ந்த காலமெல்லாம் காப்பாற்றிய கரடிச் சித்திரக்கதையை, சிலாவத்துறையில் மீள்குடியேறிய நிசாம் நானா, பத்திரிகை நிருபரான எனக்கு இரவல் தந்தார். பேசாலைக் கருவாட்டுக்காரிக்கு வழக்கமாகக் கொடுக்கும் பழைய பத்திரிகைக் கட்டோடு அதையும் தவறுதலாகக் கொடுத்துவிட்டேன். ஓடிப்போய் மீட்டபோது, கடைசிப் பக்கம் யாருடைய கருவாட்டையோ சுற்றிப் போயிருந்தது.

மூன்று நாள் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன். நான்காம் நாள் புத்தகத்தோடு போய் உண்மையைச் சொன்னேன்.

அவர் புத்தகத்தை வாங்கிக் கடைசியில் புரட்டினார்.

"கரடி குடை பிடிக்கிற பக்கமோ?"

"ஞாபகமில்லை, நானா."

"பேப்பர்காரனுக்குப் படம் கண்ணில படாதோ? மழை விட்டது தெரியாமல் கரடி குடைக்குள்ள நிக்குது. ஒரு காதை மட்டும் வெளியால நீட்டிப் பாக்குது. அந்தக் காதைக் கீறினவன் லேசுப்பட்ட ஆளில்லை, தம்பி!"

என் பேனையை வாங்கி, அந்தக் காதைப் பின்னட்டையில் கீறிக் காட்டினார்.

இரண்டு முறை வாசித்த புத்தகம் அது. கதை முழுவதும் எனக்குத் தெரியும். அந்தக் காதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.