கறுப்பு ஏறாத படம்

மரக்கட்டையில் அறைந்த இரண்டு செப்புத் தகடுகள் அச்சகத்து மேசையில் கிடந்தன. இரண்டிலும் ஒரே படம்: எங்கள் மிஷன் பாடசாலையின் மேல்வகுப்புப் பிள்ளைகள். கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரே தகட்டில் அச்சடித்தால் முகங்கள் தட்டையாகிவிடும் என்பதால், கொழும்பில் இரண்டு தகடுகள் செய்வித்திருந்தோம். முதலாவது இளம் மண்ணிறத்தில் விழும். அது காய்ந்தபின் அதன்மேலேயே இரண்டாவது கறுப்பில் விழும். அப்போதுதான் கண்ணும் மூக்கும் துலங்கும்.

முப்பதுகளின் தொடக்கம் அது. நான் இளம் ஆசிரியை. பாடசாலைச் சஞ்சிகை என் பொறுப்பு. மண்ணிறம் அடித்தாகிவிட்டது. கறுப்பு அடிக்கவேண்டிய காலையில் எங்கள் தலைமையாசிரியையோடு போனபோது, அச்சக வாசலை மறித்துக்கொண்டு ஆண்கள் நின்றார்கள். சிலர் எங்கள் பிள்ளைகளின் தகப்பன்மார். படத்தின் முன்வரிசையில் கதிரையில் இருந்த இரு பிள்ளைகள், கதிரையில் இருக்கவே கூடாதென்று ஊர் ஒதுக்கிய சாதியினர். அவ்வருடந்தான் தலைமையாசிரியை அவர்களை நிலத்திலிருந்து எழுப்பி மற்றவர்களோடு இருத்தியிருந்தார். அதைப் படமாக அச்சில் ஏற்றுவதை அந்த ஆண்களால் பொறுக்க முடியவில்லை.

அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். முதலாளி கையில் அரத்தோடு நின்றார்.

"அம்மா, கறுப்புத் தகட்டிலை உந்த ரெண்டு முகத்தையும் அராவி விடுறன். இல்லாட்டி மிசினைக் கொளுத்திப்போடுவினமாம்."

சஞ்சிகை வெளிவரவேண்டிய பரிசளிப்பு விழா நெருங்கிவிட்டது. வேறு அச்சகம் தேட நேரமில்லை. தலைமையாசிரியை மண்ணிறத் தாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகங்கள் எல்லாம் புகைபோல் இருந்தன. மற்றவர்கள்மேல் மட்டும் கறுப்பு ஏறினால், அந்த இருவரும் ஆவிகளைப்போல நடுவே இருப்பார்கள். வெளியே கூரை ஓட்டில் கல்லொன்று விழுந்து உருண்டது. நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப ஒருத்தருக்கும் கறுப்பு வேண்டாம்," என்றார்.

"முகம் தெரியாதே, அம்மா."

"தெரியாட்டிப் போகட்டும். மங்கிறதெண்டால் எல்லாப் பிள்ளையளும் மங்கட்டும்."

முதலாளி தாளை வெளியே கொண்டுபோனார். அது கைக்குக் கை மாறியது. யார் எவரென்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. நெடுநேரம் முணுமுணுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தலைமையாசிரியை கறுப்புத் தகட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். அவருடைய சட்டையின் முதுகு முழுதும் வியர்வையில் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

விழாவன்று சஞ்சிகையைப் பிரித்த பெற்றோரெல்லாம் முகம் சுளித்தார்கள். அச்சு பழுதென்றார்கள். தலைமையாசிரியை எவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. தங்கள் பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்கு விரல் வைத்துக் காட்டுவது என் வேலையாயிற்று.

அச்சக வாசலில் முன்னுக்கு நின்ற ஒருவரும் வந்தார். என்னை அடையாளம் கண்டும் காணாதவர்போல, சஞ்சிகையை என் பக்கம் நீட்டினார்.

"பிள்ளை, என்ரை மகள் இதிலை எது?"

முன்வரிசையில் விரலை வைத்தேன்.

"இந்த ரெண்டு பேரும் கைகோத்துக்கொண்டு இருக்கினமெல்லே, ஐயா. வலப்பக்கத்திலை இருக்கிறது உங்கடை மகள்."

மற்றவள், கதிரையில் ஏற்றப்பட்ட அந்த இருவரில் ஒருத்தி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தாளைக் கிழித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சஞ்சிகையை மூடிச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, மகளைத் தேடிப் போனார்.